குடியை நிறுத்தியபின் எந்தக் குழுவில் போய் உட்காருவது? ஏஏ கூட்டம், மருத்துவமனைக் குழு, மறுவாழ்வு மையம்: ஓர் ஒப்பீடு

டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைப் பெயர்கள் இருக்கும். எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, அடுத்த ஓபி என்றைக்கு என்பதெல்லாம் இருக்கும். அந்தத் தேதி வரைக்கும் வரப்போகிற மாலைப்பொழுதுகளை எங்கே போய்க் கழிப்பது என்று மட்டும் இருக்காது. குடியை விட்டவர் திரும்பத் தொடுவது பெரும்பாலும் அந்த மாலைகளில்தான். குழு தேவைப்படுவதும் அதற்காகத்தான்.

தமிழ்நாட்டில் ஒருவர் தேடிப் போகக்கூடியவை சில வகை: ஏஏ எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள், சிகிச்சை முடிந்தவர்களுக்காக மருத்துவமனைகள் நடத்தும் தொடர்குழுக்கள், மறுவாழ்வு மையங்களோடு ஒட்டிய குழுக்கள், போன் வழியே நடக்கும் கூட்டங்கள். கோயில், சர்ச் வழியாக விடுபவர்களும் நிறைய. தேர்ந்தெடுக்கும்போது ஊரையும் நேரத்தையும் முதலில் பாருங்கள். முறையும் கொள்கையும் அதற்கு அப்புறம். நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அருமையான குழுவுக்கு இரண்டு வாரம்தான் போவீர்கள்.

அதற்கும் முன்னால்: கை நடுங்குகிறதா?

எந்தக் குழுவும் மருத்துவத்துக்கு மாற்று இல்லை. ஒரு குவார்ட்டர் 180 மி.லி.; பாட்டிலில் 42.8% என்று போட்டிருந்தால் அதில் சுத்தச் சாராயம் ஏறத்தாழ 60 கிராம். நாளுக்கு இரண்டு குவார்ட்டர் என்று வருடக்கணக்கில் போனவர் ஒரே நாளில் நிறுத்தினால், கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை வேறோர் ஆபத்து: ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவது, இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவது, காய்ச்சல், வியர்வை, படபடப்பு. இது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறது என்றாலோ, முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தாலோ, முதலில் போக வேண்டிய இடம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. ஒரு வாரம்வரை படிப்படியாகக் குறைத்துத் தரும் மாத்திரையில் இந்தக் கட்டம் கடந்துவிடும்.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் போய் "ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுங்க, தெளிஞ்சிடும்" என்று கேட்கும் வழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. நாள்பட்டுக் குடிப்பவர் உடம்பில் பி1 சத்து, அதாவது தயமின், வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் இருக்கிற கொஞ்சமும் செலவாகி, கண் நிலைகொள்ளாமல் ஆடுவது, நடை தள்ளாடுவது, நினைவு நிரந்தரமாகக் குழம்புவது வரைக்கும் போகலாம். தயமின் ஊசி முதலில், குளுக்கோஸ் பிறகு. டாக்டரிடம் இதைக் கேட்பதில் தவறில்லை.

கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டு அன்றே நிறுத்துபவர்களுக்கும் இது பொருந்தும். மாலை போடுவதற்குப் பத்து நாள் முன்பே டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது. விரதத்தின் மூன்றாம் நாள் உளறலை பக்தி என்று யாரும் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது.

ஏஏ: காசும் கிடையாது, ரெஜிஸ்டரும் கிடையாது

1935-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், குடியை விட முயன்ற இருவர் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது ஏஏ. சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். கட்டணம் இல்லை, கையெழுத்து இல்லை, முழுப்பெயர் கேட்க மாட்டார்கள். ஒரு கூட்டம் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். சிறு பிரார்த்தனை, குடியிலிருந்து மீள ஏஏ வகுத்த பன்னிரண்டு படிகளை வாசிப்பது, பிறகு ஒவ்வொருவராகப் பகிர்தல். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே புத்தி சொல்ல மாட்டார். உங்கள் முறை வரும்போது "இன்றைக்குக் கேட்க மட்டும் வந்திருக்கிறேன்" என்றால் போதும், அடுத்தவரிடம் போய்விடும். நடுவில் ஒரு பை சுற்றி வரும். புதியவர் போடத் தேவையில்லை. வாடகையும் டீயும் அந்தப் பணத்தில்தான். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்களது மரபு.

கூட்டம் இரண்டு வகை. குடிநோயாளிகளுக்கு மட்டுமானது 'குளோஸ்டு'. மனைவி, மகன், நண்பர் என யாரும் வரலாம் என்பது 'ஓப்பன்'. முதல்முறை துணைக்கு ஆள் வேண்டுமென்றால் ஓப்பன் எந்தக் கிழமை என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஏஏ இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகப் பட்டியலும் உதவி எண்களும் இருக்கின்றன. ஆனால் குழுக்கள் பெரும்பாலும் பள்ளி வகுப்பறையிலோ சர்ச் ஹாலிலோ கூடுகின்றன. தேர்வு, திருவிழா, நிர்வாகி மாற்றம் என்று ஏதாவது வந்தால் இடம் மாறிவிடும், பட்டியல் மாறாது. பட்டியலைப் பார்த்து நேரே கிளம்பாமல் உதவி எண்ணில் பேசி மூன்றைக் கேளுங்கள்: இந்த வாரம் அந்த இடத்தில் கூட்டம் உண்டா, பேசுவது தமிழா ஆங்கிலமா, வாசலில் வந்து கூட்டிப்போக யாராவது இருப்பார்களா. கடைசிக் கேள்விக்கு அநேகமாக "நானே வருகிறேன்" என்று பதில் வரும். பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பிய புதியவர் இரண்டாம் முறை வருவது அபூர்வம் என்று பழையவர்களுக்குத் தெரியும்.

சர்ச் வளாகத்தில் நடப்பதால் மதம் மாற்றுவார்களோ என்ற சந்தேகம் பலருக்கு வரும். அது வாடகை இடம், அவ்வளவே. ஆனால் கடவுள் பேச்சு இருக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. 'நாம் புரிந்துகொண்ட கடவுள்' என்று படிகளிலேயே வருகிறது. நம்பிக்கையில்லாதவர்கள் குழுவையே அந்தச் சக்தியாக எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் தொடர்வதும் உண்டு, எரிச்சலாகி நின்றுவிடுவதும் உண்டு. குழுவுக்குக் குழு வாடை மாறும் என்பதால் ஒரே இடத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். இரண்டு வேறு குழுக்களில் மொத்தம் ஆறு கூட்டமாவது உட்கார்ந்து பாருங்கள்.

பலன் இருக்கிறதா? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரன் அமைப்பின் 2020 தொகுப்பாய்வு 27 ஆய்வுகளை, 10,565 பேரை, சேர்த்துப் பார்த்தது. ஏஏவுக்குள் முறையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலாக இருந்தது. ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை. "முறையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்" என்ற இடத்தைக் கவனியுங்கள். முகவரி எழுதிக் கொடுத்து அனுப்பியதில் வந்த பலன் இல்லை அது. ஆள் கூடவே போய், போனாரா என்று அடுத்த வாரம் கேட்டு, தயக்கத்தைப் பேசித் தீர்த்ததில் வந்தது.

மோசமாகப் போகும் இடங்களும் உண்டு. "மாத்திரை சாப்பிட்டால் அது சோபர் இல்லை", அதாவது குடியை விட்டதாகாது, என்று சொல்லும் உறுப்பினர் எந்த ஊரிலும் ஒருவர் இருப்பார். டாக்டர் வேலையை உறுப்பினர் பார்க்கக் கூடாது என்பதே ஏஏவின் நிலைப்பாடு. அந்த உறுப்பினர் பேச்சைக் கேட்டு மனச்சோர்வு மாத்திரையையோ வலிப்பு மாத்திரையையோ நிறுத்திவிடாதீர்கள். வழிகாட்டியாக அமையும் ஸ்பான்சர், ஒரு வருடமாவது குடிக்காமல் இருப்பவராக, உங்கள் பாலினத்தவராக இருக்கட்டும். அவரிடம் கடன் கேட்பதும் கொடுப்பதும் வேண்டாம். கடன் நுழைந்ததும் உண்மை பேசுவது நின்றுபோகும். பெண்கள் குறைவாக வரும் கூட்டத்தில் புதிதாக வந்த பெண்ணிடம் அளவுக்கு மீறி அக்கறை காட்டும் ஆண்களைப் பழைய உறுப்பினர்கள் கண்டிக்கிறார்களா என்று பாருங்கள். கண்டிக்காத குழு என்றால் வேறு குழு, அல்லது பெண்களுக்கான போன் வழிக் கூட்டம்.

மருத்துவமனைக் குழு

சென்னை இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை இந்த வகைக்கு மூத்த உதாரணம். 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கியது. நோயாளிக்கு மட்டும் சிகிச்சை தந்து அனுப்பாமல், குடும்பத்தாரையும் தனியாக உட்காரவைத்துப் பேசும் முறையை அங்கே வளர்த்தார்கள். திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் கிராமத்துக்கே போய் முகாம் நடத்தினார்கள். ஒரே வட்டாரத்து ஆட்கள் சேர்ந்து சிகிச்சை பெற்றால் ஊர் திரும்பியதும் ஒருவருக்கொருவர் துணை கையருகே இருக்கும். முகாம் முறையின் பெரிய லாபம் அது.

அரசுத் தரப்பில் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. 2025-ல் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களும் அரசு மருத்துவமனைகளில் தொடங்கப்பட்டன. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14446, போதை மீட்புக்கான தேசிய இலவச எண். 14416 மனநல ஆலோசனைக்கு, 24 மணி நேரமும், தமிழில் பேசலாம்.

மருத்துவமனைக் குழுவின் பலம், ஒரே கூரையில் டாக்டரும் மருந்தும் கவுன்சலரும் இருப்பது. கடவுள் பேச்சு தேவைப்படாதவருக்கும் தோது. அலுவலகத்தில் சிகிச்சைச் சான்று கேட்கிறார்கள் என்றால் இதுதான் வழி. ரெஜிஸ்டரே இல்லாத ஏஏ சான்று தரும் இடமில்லை. சர்க்கரை, கல்லீரல், மனச்சோர்வு என்று கூடவே வேறு நோய் இருப்பவரும் இங்கிருந்து தொடங்குவதே சரி.

பலவீனம் நேரம். கூட்டம் பெரும்பாலும் வேலைநாளில், பகலில் நடக்கும். கொத்தனாருக்கும் லோடு ஏற்றுபவருக்கும் அது ஒரு நாள் கூலி. மாதம் ஒன்று என்றால் சமாளிப்பார், வாரம் ஒன்று என்றால் மூன்றாம் வாரமே வரமாட்டார். இன்னொன்று, நடத்துகிற கவுன்சலர் மாறுதலாகிப் போனால் குழுவே கரைந்துவிடும். அட்மிட் ஆகும்போதே "தொடர்குழு எந்தக் கிழமை, எத்தனை மணி, யார் நடத்துகிறார், வெளியில் சிகிச்சை எடுத்தவர் வரலாமா" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மருந்தைப் பற்றி ஒன்று. குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாதபடி செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையை, குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரிலோ காபியிலோ கலந்து கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன. விளம்பரம் போட்டு விற்கிற 'குடியை மறக்கடிக்கும் பொடி'யில் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. டைசல்ஃபிராம் உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிர் போகவும் கூடும். மாத்திரையை நிறுத்திய இரண்டு வாரம் வரைக்கும் இந்த ஆபத்து தொடரலாம். அவர் அறிந்து, சம்மதித்து, கல்லீரல் பரிசோதனைக்குப் பிறகே கொடுக்க வேண்டிய மருந்து அது. அதைச் சாப்பிடுகிறவர் அரிஷ்டம், ஆசவம் போன்ற நாட்டு மருந்துகள், சில இருமல் டானிக் பக்கம் போகக் கூடாது. அவற்றிலும் சாராயம் உண்டு.

மறுவாழ்வு மையம்: எப்போது, எதைப் பார்த்து

வீட்டில் அடிதடி, உடன் குடிக்கும் அண்ணன் தம்பி, மூன்று முறை நிறுத்தியும் ஒரு வாரம் தாங்கவில்லை என்ற நிலைமைகளில் தங்கி எடுக்கும் சிகிச்சை பொருந்தும். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் நிதியுதவியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மையங்களில் செலவு மிகக் குறைவு, அல்லது இல்லை. தனியாரில் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

சேர்ப்பதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று சுவரில் இருக்கிறதா, காலாவதியாகவில்லையா. மனநல மருத்துவர் பெயர் சொல்கிறார்களா, வாரத்தில் எத்தனை நாள் வருகிறார். முதல் வாரம் வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். வீட்டோடு போனில் பேச விடுவார்களா. கட்டணம் எழுத்தில் உண்டா. உள்ளே படுக்கை அறையைக் காட்ட மறுத்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

"வேன் அனுப்பி நாங்களே தூக்கிட்டு வந்துடுவோம்" என்று சொல்லும் இடம் வேண்டவே வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, தானே விரும்பிச் சேருவதுதான் இயல்பான வழி. சம்மதிக்கும் நிலையில் இல்லாதவரைச் சேர்ப்பதற்கு அவரது பிரதிநிதியின் விண்ணப்பம் வேண்டும், மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும், 30 நாள் வரம்பு உண்டு. சங்கிலியில் கட்டுவது அந்தச் சட்டத்தில் முற்றாகத் தடை.

குடும்பங்கள் அதிகம் தவறுவது தூர விஷயத்தில். "ஊர்க்காரர் கண்ணில் படக் கூடாது" என்று இருநூறு கிலோமீட்டர் தள்ளிச் சேர்த்துவிடுவார்கள். மூன்று மாதம் அங்கே நன்றாக இருப்பார். திரும்பி வந்த அன்றைக்கு அந்தக் குழுவும் இல்லை, உள்ளூரில் தெரிந்த முகமும் இல்லை, பழைய கூட்டாளிகள் மட்டும் அப்படியே இருப்பார்கள். அதே மாவட்டத்தில் ஒரு சுமாரான, பதிவுபெற்ற மையம் இருந்தால் தூரத்து நல்ல மையத்தைவிட அதையே எடுப்போம். எங்கே சேர்த்தாலும், வெளியே வரும் நாளுக்கு முன்பே உள்ளூர் ஏஏவில் ஒருவரது எண்ணை வாங்கி, வந்த அன்று மாலையே முதல் கூட்டம் என்று பேசிவைத்துவிடுங்கள்.

போன், கோயில், சர்ச்

கொரோனாவுக்குப் பிறகு ஏஏ கூட்டங்கள் ஜூமில் தமிழிலும் நடக்கின்றன. இரவு ஷிப்ட்காரர், லாரி ஓட்டுநர், வளைகுடாவில் இருப்பவர், வெளியே தெரிந்தால் பேச்சு வரும் என்று அஞ்சும் பெண்கள், இவர்களுக்கு வரப்பிரசாதம். 1994-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி கடவுள், படிகள் எதுவும் இல்லாமல் சிந்தனைப் பழக்கத்தை மாற்றும் பயிற்சிகளை வைத்து நடப்பது. ஆங்கிலம் சரளமாக வருபவர் இணையத்தில் சேரலாம். போன் வழிக் கூட்டங்களின் குறை ஒன்றுதான்: கேமராவை அணைத்துவிட்டுக் குடித்துக்கொண்டே உட்காரலாம், யாருக்கும் வாடை தெரியாது. நேர்க்கூட்டத்தோடு கூடுதலாக வைத்துக்கொண்டால் நல்லது. வாட்ஸப் குழுவை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ஒரு ஸ்கிரீன்ஷாட்டில் ரகசியம் போய்விடும்.

கோயிலில் கயிறு கட்டி விட்டவர்களும், ஜெபக்கூட்டத்தில் விட்டவர்களும் இருக்கிறார்கள். விரதக் காலம் முழுக்க ஒரு சொட்டுகூடத் தொடாமல் இருந்துவிட்டு மாலை கழற்றிய அன்றே கடைக்குப் போவதும் கண்கூடு. விரதத்துக்குத் தேதி இருக்கிறது; அந்தத் தேதிக்கு மறுநாள் போக ஓர் இடம் வேண்டும். மாலையோடே ஏஏவுக்கு வரலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

வீட்டாருக்குத் தனிக் குழு

அல்-அனான், 1951-ல் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காகத் தொடங்கியது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன். குடிப்பவரை எப்படி நிறுத்தவைப்பது என்று அங்கே சொல்லித்தர மாட்டார்கள். அவர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் நீங்கள் எப்படி உயிரோடும் மானத்தோடும் இருப்பது என்பதுதான் பேச்சு. அவர் எந்தக் குழுவுக்கும் வர மறுத்தாலும் மனைவியோ அம்மாவோ இதில் சேரலாம். சிறு ஊர்களில் அல்-அனான் இல்லாவிட்டால் மருத்துவமனையின் குடும்பக் கூட்டம். "இன்றைக்கு என் வீட்டுக்காரர் என்ன பேசினார்" என்று அவர் குழுவில் போய் விசாரிப்பது மட்டும் வேண்டாம். அங்கே பதில் வராது, வரவும் கூடாது.

முதல் 90 நாளைக்கு

டாஸ்மாக் பகல் பன்னிரண்டு முதல் இரவு பத்து. வழக்கமாக நீங்கள் கடைக்குப் போகும் நேரம் எது என்று நேர்மையாகக் குறித்துக்கொண்டு, அந்த நேரத்தில் விழுகிற கூட்டத்தை எடுங்கள். ஏழு மணிக்குக் குடிப்பவருக்கு ஏழு மணிக் கூட்டம். பஸ் ஸ்டாப்பிலிருந்து ஹாலுக்குப் போகும் வழியில் கடை இருந்தால் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்குங்கள். சம்பள நாள், தேர்தல், கல்யாணம், துக்கவீடு, இந்த நாட்களுக்கு முந்தைய மாலை கட்டாயம் ஒரு கூட்டம்.

90 நாளில் 90 கூட்டம் என்று ஏஏவில் சொல்வார்கள். சென்னையில் முடியும். தாலுகா ஊரில் வாரம் ஒன்றுதான் நடக்கும் என்றால்: அந்த ஒன்று, போனில் தமிழ்க் கூட்டம் இரண்டு, தினமும் ஓர் உறுப்பினருக்கு ஒரு போன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓபி. முதல் நாளே மூன்று பேர் எண் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் எடுக்காவிட்டால் அடுத்தவர்.

வழுக்கிவிட்டால் ஏஏவில் வாசல் திறந்தே இருக்கும். குடித்திருந்தாலும் சத்தம் போடாமல் உட்காரலாம், அன்று பேசாமல் இருந்தால் சரி. மருத்துவமனைக் குழுவில் அன்றைக்குத் திருப்பி அனுப்பலாம். தொடர்ந்து சில நாள் குடித்துவிட்டீர்கள் என்றால் குழுவுக்கு முன் டாக்டர், மறுபடி அதே முதல் கேள்வி: கை நடுங்குகிறதா?

குழுவே இல்லாத ஊர் என்றால், இரண்டு குடிநோயாளிகள் குடியை விடுவதற்காகக் கூடினாலே அதை ஏஏ குழு என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது அவர்கள் மரபு. ஒரு பள்ளி அறை, வாரத்தில் மாறாத ஒரு கிழமை, ஆறு நாற்காலி. பக்கத்து நகரக் குழுவிலிருந்து முதல் இரண்டு மாதம் ஒருவர் வந்து நடத்தச் சம்மதிக்க வேண்டும், மாவட்ட மருத்துவமனை மனநல ஓபி வாசலில் கிழமையும் நேரமும் எழுதிய தாள் ஒட்ட அனுமதி வாங்க வேண்டும். யாரும் வராத வாரத்திலும் அறையைத் திறந்துவைத்து, சொன்ன நேரம் முடியும்வரை உட்கார்ந்திருக்க ஒருவர் வேண்டும்.